இருபத்து மூன்று சுழிகள்

மழையைச் சொல்வது என் வேலை இல்லை.
சொல்கிறவர்கள் லுசாகாவில், மூன்றாவது மாடியில்.
எந்தக் கடல் எங்கே சூடாகிறது என்று பார்த்து
செப்டம்பரிலேயே எழுதிவிடுவார்கள்:
வழக்கத்தைவிட அதிகம், இருபத்தைந்து சதவீதம்.
வழக்கம்போல், நாற்பது.
குறைவு, முப்பத்தைந்து.
மழை ஓய்ந்து, தட்டை காயும் மே மாதத்தில்
சொன்னதை நடந்ததன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் நான்.

அலுவலகத்தில் என்னோடு ஒரு மூடனும் இருக்கிறான்.
சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை.
எந்த ஆண்டு கேட்டாலும்
மூன்றிலொரு பங்கு, மூன்றிலொரு பங்கு, மூன்றிலொரு பங்கு என்பான்.
கடலைப் பார்க்கமாட்டான், கணினியைத் தொடமாட்டான்.
அவனைவிட நாங்கள் எவ்வளவு மேல் என்பதுதான்
என் அறிக்கையின் கடைசி வரி.
பதினெட்டு ஆண்டுகளில்
நூற்றுக்கு ஆறு.
அந்த ஆறுக்காக ஒருமுறை கேக் வெட்டினோம்.

அறுபது சதவீதம் என்று சொல்லித் தப்பினால்
அது தப்பு இல்லை. பத்தில் நாலு முறை
தப்பியே ஆகவேண்டும்; தப்பாவிட்டால்தான்
எங்கள் கணக்கில் கோளாறு.
இதை அமைச்சக ஆட்களுக்கு விளக்கியிருக்கிறேன்,
வானொலிக்காரர்களுக்கும், என் மாமனாருக்கும்.
தலையாட்டுவார்கள்.

மோன்ஸேக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டிறங்கி ஒன்பது கிலோமீட்டர்,
பினா சோல்வே வீட்டு முற்றத்தில் எங்கள் மழைமானி.
சோல்வே அவள் மூத்த மகன். பெயருக்கு அதிர்ஷ்டம் என்று பொருள்.
அதிர்ஷ்டத்தின் அம்மாவுக்கு நாங்கள் தருவது
மாதம் ஒரு போன் ரீசார்ஜ்.

அந்த ஆண்டு நாங்கள் சொன்னது, வழக்கம்போல்.
பெய்தது, வழக்கம்போல்.
எழுநூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
மூடனை மண்ணில் புரட்டியிருந்தோம்.
அந்தக் களிப்போடுதான்
நோட்டை வாங்கிவரப் போனேன்.

கால்நட்டு உயர்த்திய தானியக் கூடு காலி.
ஒன்றும் சொல்லாமல் நோட்டை நீட்டினாள்.
டிசம்பரில் பதினோரு நாளில் பாதி வானம் இறங்கியிருந்தது.
ஜனவரி இருபத்தெட்டிலிருந்து,
மக்காச்சோளம் பட்டுநூல் நீட்டும் நாட்களில்,
சுழி.
சுழி.
சுழி.
இருபத்து மூன்று.
ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில், தனித் தேதியில்,
காலை எட்டு மணிக்கு நடந்துபோய்
குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எழுதியது.
‘மேற்படி’ என்று ஓரிடத்திலும் இல்லை.
கட்டத்தை வெறுமையாய் விட்டால்
பார்க்கவில்லை என்று பொருள்;
பார்த்தேன், இல்லை என்பதற்குத்தான் சுழி.
அந்த விதியை அவளுக்குச் சொன்னவனே நான்தான்.
பிப்ரவரி இருபதில் மறுபடி கொட்டி
மொத்தத்தைச் சரிக்கட்டிவிட்டது.

“நீங்கள் சொன்னது சரியா?” என்று கேட்டாள்.
“சரி” என்றேன்.
வேறு சொல் என் படிவத்தில் இல்லை.

அக்டோபரில் புதுத் தாளோடு போனேன்.
இம்முறை குறைவுக்கு நாற்பது, வழக்கத்துக்கு முப்பத்தைந்து,
அதிகத்துக்கு இருபத்தைந்து.
இரண்டு தரம் படித்தாள்.
இதில் எது என்று கேட்பாள் எனப்
பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.
கேட்கவில்லை. தாளை மடித்து
விதைப் பைக்குள் போட்டாள்.

டிசம்பர் கடைசியில்
குடுவையில் விரிசல் என்று செய்தி அனுப்பினாள்.
மாற்றிக்கொடுக்கப் போனவன்
வயலோரமாய் நடந்தேன். இருபது பாத்திகள்.
எட்டில் சோளம்.
ஏழில் தொண்ணூறு நாள் மக்காச்சோளம்.
நீர் தேங்கும் கீழ்க்கோடியில், ஐந்தில், நெட்டை ரகம்.
எட்டு, ஏழு, ஐந்து.
திரும்ப எண்ணினேன்.
மூடன் என்றால் ஏழு, ஏழு, ஆறு போட்டிருப்பான்.
மூன்றாவது மாடியில் ஒருவரும்
அந்தத் தாளை இப்படி வாசித்ததில்லை.

“இது யார் சொன்னது?” என்றேன்.
“நீங்கள்தானே” என்றாள்,
புதுக் குடுவையை வெளிச்சத்தில் பிடித்து
கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தபடி.